கோட்டைத் தாண்டியவனுக்கு மஞ்சள் அட்டை

கால்பந்து ரெஃப்ரிக்குக் கண்ணும் காதும் இருக்கிறதா என்று சந்தேகப்படாத ஆளை இதுவரை நான் பார்த்ததில்லை. வார நாளில் தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், ஞாயிற்றுக்கிழமை ஆனால் மைதானத்தில் விசில். பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. அண்ணன் தம்பி சண்டைக்கு நியாயம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

மலைக்கு அந்தப் பக்கம்

ஆரியங்காவு தாண்டிக் கேரளாவில் ஒரு செவன்ஸ் போட்டிக்கு ஊதப் போயிருந்தேன். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற ஆட்டம். போனதும் "சாரே, சாரே" என்று கட்டன் சாயாவும் பழம்பொரியும் கொடுத்து உபசாரம் பலமாக இருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் உள்ளூர் டீமுக்கு எதிராக பெனால்டி கொடுத்தேன். தெளிவான ஃபவுல், எந்த ரெஃப்ரியும் கொடுத்திருப்பான். அவ்வளவுதான், நான்கு பக்கமும் "போடா பாண்டி" என்று ஒரே கூச்சல். தமிழனை மட்டம் தட்ட அங்கே அந்த ஒரு வார்த்தை போதும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த பெனால்டியையே சொல்லிச் சொல்லிப் புலம்பிக்கொண்டு வந்தேன். கூட வந்த லைன்ஸ்மேன் பீர் முகமது, செங்கோட்டைக்காரர், ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "பெனால்டி குடுக்கதுக்கு முந்தி நாம சாரு, குடுத்த பொறவு பாண்டி. விடுங்க அண்ணாச்சி."

ரூம் இல்லை

போன பங்குனியில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு டோர்னமென்ட். செங்கோட்டை டீம், கேரளாவில் ஆடிக்கொண்டிருந்த கானா நாட்டுப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தது. பெயர் இம்மானுவேல், இருபத்திரண்டு வயசு. அவனுக்கு ரூம் பார்க்கிற வேலையை டோர்னமென்ட் கமிட்டி என் தலையில் கட்டியது. குற்றாலத்துக்குக் கூட்டிப் போனேன். அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத மாசம், லாட்ஜ் பூராவும் காலி. மேனேஜர் அவனைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், ரூம் இல்லை என்றார். பின்னால் பலகையில் அத்தனை சாவியும் தொங்குகிறது.

மேனேஜரையும் என்னையும் இம்மானுவேலையும் வரிசையாக நிறுத்தினால் நிறத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. அதைச் சொல்லியும் காட்டினேன். அவர் அசரவில்லை. கடைசியில் பீர் முகமது வீட்டு மாடியில்தான் பையன் தங்கினான். மேனேஜர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "உங்களுக்குன்னா இப்பவே சாவி தாரேன் சார், குடும்பம் வந்து போற எடத்துல இவனப் பாத்தா பயப்படுவாங்கல்லா."

செல்ஃபி

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனால் கூட்டம் மொய்க்கிறது. தோளில் கை போட்டு செல்ஃபி, தலைமுடியைத் தொட்டுப் பார்த்து ஒரு சிரிப்பு. அவனும் பல்லைக் காட்டி நின்றான். கேரளாவில் கற்ற மலையாளத்தில் கொஞ்சம் பேசுவான், 'கேட்டான்' என்பதற்கு 'சோதிச்சு' என்பான். கூட்டம் கலைந்ததும் ஆறிப்போன டீயைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னான்: "எல்லாரும் போட்டோ எடுத்து. ஆரும் பேரு சோதிச்சில்ல."

மஞ்சள் அட்டை

ஃபைனலுக்குக் கோழிக்கோட்டிலிருந்து ஒரு கிளப் கோச் அவனைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துவிட்டால் அடுத்த சீசனுக்கு டீமில் இடம். இல்லாவிட்டால் விசா முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன் என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னான்.

அரையிறுதியில் முதல் பாதியிலேயே ஒரு முரட்டு ஃபவுலுக்கு அவனுக்கு மஞ்சள் காட்டினேன். அது நியாயமான மஞ்சள். இரண்டாம் பாதியில் அவன் காலுக்குப் பந்து வரும்போதெல்லாம் கோட்டுக்குப் பின்னாலிருந்து குரங்குச் சத்தம். எவனோ வாழைப்பழத் தோலை வீசினான். பீர் முகமது கொடியோடு ஓடி வந்து, "சத்தம் கேக்குதா அண்ணாச்சி?" என்றார். "கேக்கு. இன்னும் பத்து நிமிஷம்தான, ஓட்டிருவோம்" என்றேன். ஆட்டத்தை நிறுத்த ரெஃப்ரிக்கு அதிகாரம் உண்டு, அதை வகுப்பில் பாடமாகவே நடத்துகிறவன் நான். நிறுத்தினால் கூட்டம் உள்ளே இறங்கிவிடும் என்று பயந்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

இம்மானுவேல் பந்தை விட்டுவிட்டு நேரே கோட்டைத் தாண்டிப் போனான். யாரையும் அடிக்கவில்லை. இரண்டு கையையும் கூப்பி, "மதி, மதி" என்றான். போதும் என்று கெஞ்சுகிறான். அனுமதி இல்லாமல் மைதானத்தை விட்டு வெளியேறினால் மஞ்சள் என்பது ரூல். என் கை தானாகப் பைக்குள் போனது. இரண்டாவது மஞ்சள், அப்புறம் சிவப்பு. ஃபைனல் கிடையாது. குரங்குச் சத்தம் போட்ட அதே கூட்டம் எனக்குக் கைதட்டியது.

ஆட்டம் முடிந்ததும் அந்த அட்டையை ரத்து பண்ணுங்கள் என்று கமிட்டியிடம் எழுதிக் கொடுத்தேன். "கலாட்டா இல்லாம முடிஞ்சுதே வாத்தியாரே" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவனிடம், "ரூல் அப்படிப்பா, மன்னிச்சிரு" என்றேன். அவன் கோபப்படவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டான்: "கூவியவர்க்கும் ரூல் உண்டல்லோ, சாரே?"

பதினாறு வருஷ விசில் வாழ்க்கையில் ஊரே ஒன்றுகூடி எனக்குக் கைதட்டியது அந்த ஒரு சிவப்பு அட்டைக்கு மட்டும்தான்.