பந்து பார்க்காத அல்ஜீரியர்

கனடாவின் மொன்றியல் நகரில் நான் வேலை செய்த தையல் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் ஒரு சிறிய தொலைக்காட்சி இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு மதிய வேளை, அதில் உதைபந்தாட்டம் நடந்துகொண்டிருக்க, அதற்கு முதுகைக் காட்டியபடி ஒருவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் அல்ஜீரியர். தம் நாட்டில் கணித ஆசிரியர். இங்கே என் பக்கத்து மேசையில் துணி வெட்டுபவர். அந்த நாட்டில் உதைபந்தாட்டம் வெறும் விளையாட்டன்று. பிரெஞ்சுக்காரரிடம் விடுதலை கேட்டுப் போராடிய காலத்தில், ஆட்டக்காரர்களே ஓர் அணியாகத் திரண்டு நாடுநாடாகச் சென்று ஆடினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆகவே அங்கே வேலை செய்த எங்கள் ஈழத்துப் பொடியங்கள் அவரை விடவில்லை.

“என்ன அண்ணை, அல்ஜீரியாவில பிறந்து பந்து பார்க்காத மனிசனும் இருக்கோ? ஆள் டூப்பிளிக்கேற் போல கிடக்கு!”

அதை நான் அரைகுறைப் பிரெஞ்சில் பெயர்த்துச் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. ஆட்ட நாட்களில் தம் ஊர்த் தெருக்கள் வெறிச்சோடிவிடும் என்றும், வாசிகசாலையின் நீண்ட மேசை முழுவதும் தமக்கே கிடைக்கும் என்றும், தூரத்து ஆரவாரத்தைக் கொண்டே எத்தனை கோல் என்று தாம் அறிந்துவிடுவதாகவும் சொன்னார். அங்கே மூண்டிருந்த உள்நாட்டுப் போரில் அவருடைய பாடசாலையின் இரண்டு ஆசிரியர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அடுத்தவர் நீரே என்று எழுதிய கடிதம் கதவடியில் கிடந்த பின்னரே அவர் புறப்பட்டு வந்தார். அகதிக் கோரிக்கையின் விசாரணைக்கு நாள் குறித்தாயிற்று. தோற்றால் அந்தக் கதவுக்கே திரும்ப வேண்டும்.

இங்கேதான் நான் குறுக்கிட்டேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஆயினும் வாசித்து வளர்த்த மொழியைக் கொண்டு எங்கள் ஆட்கள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் பலருக்கு அகதி வழக்குக் கதை எழுதிக் கொடுத்தவன். என் சொந்த விசாரணையில், காணாத ஒரு குண்டுவீச்சைக் கண்டதாகச் சொல்லி வென்றிருந்தேன். உண்மைக்கும் சற்றுப் பொட்டு வைத்தால்தான் நம்புவார்கள் என்பது என் எண்ணமாகிவிட்டது. பந்து பார்க்காத அல்ஜீரியரை எந்த அதிகாரி நம்புவார்? வாரந்தவறாமல் மைதானத்துக்குப் போனவர் என்று சொல்லும்படி அவரை வற்புறுத்தினேன். அரபுக் கடையில் கிடைத்த பழைய பத்திரிகையிலிருந்து அவருடைய ஊர் அணியின் பதினொரு பெயர்களையும் எடுத்தெழுதி, மூன்று ஞாயிறு காலைகள் எங்கள் வீட்டு மேசையில் மனனம் செய்வித்தேன்.

“உங்களுக்கேன் இந்தத் தேவையில்லாத வேலை?” என்றாள் மனைவி. “அந்தாள் போன கிழமை இங்க வாசிகசாலைக் கதை சொல்லேக்க முகத்தைப் பாத்தனீங்களோ? அதையே அங்கையும் சொல்லட்டுமன்.”

“உமக்கு விசாரணையைப் பற்றி என்ன தெரியும்? கதையாமல் தேத்தண்ணியை ஊத்தும்.”

விசாரணை முடிந்து அவர் நேரே தொழிற்சாலைக்கு வந்தார். பெயர்களை வாய்ப்பாடு போல ஒப்புவித்தாராம். அதிகாரி தலையசைத்துவிட்டு, மைதானத்துக்குள் எந்த வாசலால் போவீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டாராம். அந்த மைதானத்தில் இவர் கால் வைத்ததேயில்லை.

சில வாரங்களில் வந்த தீர்ப்பை அவரே எனக்கு வாசித்துக் காட்டினார். மைதானத்தைப் பற்றிப் பொய் சொன்னவர் கடிதத்தைப் பற்றியும் பொய் சொல்லியிருக்கலாம் என்பதே அதன் சாரம். வாசித்து முடித்து, தாளை நான்காக மடித்தார். “வாசிகசாலையைச் சொல்லியிருக்கலாம். அங்கே எத்தனை ஜன்னல்கள் என்றுகூட எனக்குத் தெரியும்” என்றார். அது குற்றஞ்சாட்டும் குரலன்று. கணக்கில் பிழையான வரியைச் சுட்டிக்காட்டும் ஆசிரியரின் குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தப் பொய் என்னுடையது என்று நான் எழுதிக் கையெழுத்திட்டால் மீண்டும் முறையிடலாம் என்று அவருடைய வழக்கறிஞர் சொன்னார். என் பழைய அகதிக் கோப்பையும் மீண்டும் திறந்துவிடுவார்களோ என்று அஞ்சினேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவரை விமானம் ஏற்றினார்கள். என் முகவரி எழுதிய மூன்று உறைகளைக் கொடுத்து அனுப்பியிருந்தேன். ஒன்றும் வரவில்லை.

இன்று அல்ஜீரியா வென்றால், அந்நாட்டவர் கடைகள் நிறைந்த ஜோன் தலோன் வீதி முழுவதும் கொடிகள், கார்களின் ஹோர்ன் சத்தம், கார்க் கூரைத் திறப்பால் தலைநீட்டும் பிள்ளைகள். நான் நடைபாதையில் நின்று முகம் முகமாகப் பார்க்கிறேன். “பந்து பார்க்காத மனிசனை இதுக்கையோ தேடுறீங்கள்?” என்று மனைவி ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்பதில்லை. உயிரோடிருந்தாலும் அவர் அந்தக் கூட்டத்துக்கு வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். வேறு எங்கே போய்த் தேடுவது என்பதுதான் தெரியவில்லை.