அப்பச்சியால் முடிக்க முடியாத ஓர் ஆட்டம்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. அப்பச்சிக்கு, அதாவது என் தந்தைக்கு, லேசான பக்கவாதம் வந்து வலது கை விரல்கள் மரத்துப்போயின. விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொன்னார் மருத்துவர்.
2. என் பழைய மடிக்கணினியில் ஒரு சீட்டாட்டத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டு நான் பெங்களூருக்குத் திரும்பினேன்.
3. எந்த ஆட்டத்துக்கும் ஒரு வழி உண்டு, வரவில்லை என்றால் ஆடியவர் தவறு என்று சொல்லிக் கொடுத்தேன்.
4. ஒரே ஓர் ஆட்டத்தை அப்பச்சி மூன்று மாதம் ஆடினார்கள். முடியவில்லை.
5. அதை வைத்து, அப்பச்சிக்கு நினைவு தடுமாறுகிறது என்று பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்.
6. வளவு வீட்டு முறை சொல்லும் பொறுப்பை அவர்களிடமிருந்து எடுத்தோம்.
7. ஐந்து மாதம் கழித்து அப்பச்சி சிவபதவி அடைந்தார்கள்.
8. மூன்றாவதில் நான் சொன்னது தவறு. ஆகவே ஐந்தாவதும் தவறு.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் பலர் என் செய்தியைப் படித்தவர்கள். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

அப்பச்சி அமராவதிபுதூரில் பிறந்தவர்கள். நூற்பாலை ஒன்றில் பண்டகக் காப்பாளராக இருந்தார்கள். எந்த உதிரிபாகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஏட்டைப் பார்க்காமலே சொல்வார்களாம். ஆலை மூடியபோது எனக்குப் பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. தன்னைவிட வயதில் சின்னவரின் இரும்புக் கடையில் வேலைக்குப் போய் நின்று என்னைப் படிக்க வைத்தார்கள். அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

எங்கள் வளவு வீடு பதினோரு குடும்பங்களுக்குப் பொது. கல்யாணமோ அறுபதாம் சாந்தியோ முன்னோர் படைப்போ, யார் எந்த நாளில் கூடத்தை எடுப்பது, எந்த அறையில் சாமான்களை இறக்குவது, எப்போது காலி செய்வது என்பதையெல்லாம் அப்பச்சிதான் சொல்வார்கள். அதற்குத்தான் முறை சொல்வது என்று பெயர். இருபது ஆண்டுகளுக்கு மேல் மனத்திலிருந்தே சொன்னார்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே நாளில் வந்து நின்றதில்லை.

அந்தச் சீட்டாட்டத்தில் ஐம்பத்திரண்டு சீட்டும் முகம் தெரிய எட்டு வரிசையாகக் கிடக்கும். மேலே நான்கு காலிக் கட்டங்கள். சீட்டுகளை அவற்றில் சற்று ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு இனத்தையும் ஏஸ் முதல் ராஜா வரை அடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. எண்ணைத் தட்டினால் அதே ஆட்டம் மறுபடியும் வரும்.

முதல் நாளே அப்பச்சியிடமிருந்து போன் வந்தது. என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆத்தா, நாலு கட்டமும் ரொம்பிருச்சு. இனி என்ன செய்ய?"

"எடுத்த எடுப்புலயே ஏன் அப்பச்சி நாலையும் ரொப்புனீக?"

"சும்மா கெடக்கேன்னுதான்."

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "பூண்டு உரிக்கக் கை வரலையாம். ராணியத் தூக்க மட்டும் வருது!"

ஒரு வாரத்தில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். "பிடிபட்டுருச்சு ஆத்தா. இது நம்ம வளவு மாதிரிதான். சாமான எறக்குறதுக்கு முன்னாடியே எப்ப ஏத்தப் போறோம்னு தெரியணும். எறக்குனவன் அங்குட்டே குடியிருந்தா அடுத்தவன் எங்குட்டுப் போவான்?"

அதன்பின் தினம் இரண்டு மூன்று ஆட்டங்களை முடித்தார்கள். ஒருநாள் எங்கள் வீட்டுப் பழைய தொலைபேசி எண்ணையே ஆட்ட எண்ணாகப் போட்டார்கள். அந்த ஆட்டம்தான் வரவில்லை.

"இதுக்கு வழி இல்ல போலருக்கே ஆத்தா. ஏசு ரெண்டு அடியில கெடக்கு. மேல உள்ளத எறக்க நாலு எடம் பத்தல."

நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். "இருக்கும் அப்பச்சி, நிதானமாப் பாருங்க" என்றேன். மறு வாரமும் அதையே கேட்டார்கள், நானும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை போனை எடுக்கவில்லை.

மென்பொருளைச் சோதித்துக் குறைகளைப் பட்டியலிடுவது என் தொழில். ஊருக்கு வந்து இரண்டு நாள் பார்த்துவிட்டு, பட்டியல் எழுதினேன். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒரே ஆட்டத்தில் மூன்று மாதமாக நிற்கிறார்கள். விடச் சொன்னால் கோபம் வருகிறது. இடையிடையே அவர்கள் முடித்த மற்ற ஆட்டங்களை நான் எழுதவில்லை. மருத்துவரிடமும் கேட்கவில்லை. மகளே எழுதிவிட்டதால் மற்றவர்களும் கேட்கவில்லை.

பங்காளிகள் கூடிய அன்று சித்தப்பா தயங்கித்தான் பேசினார்கள். "அண்ணே, இந்த வருசம் முறைய நான் பாத்துக்கிறேன். நீங்க ஓய்வா இருங்க."

அப்பச்சி என்னைப் பார்த்தார்கள். "புள்ளதான் எழுதுச்சா?" என்றார்கள். நான் தலையசைத்தேன். "அப்பச் சரி."

அவ்வளவுதான். அதன்பின் யார் வீட்டு நாள் எது என்று அவர்கள் வாயிலிருந்து வரவே இல்லை. இரண்டாம் முறை பக்கவாதம் வந்தபோது ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது.

இந்த மலருக்குப் படம் தேடி மடிக்கணினியைத் திறந்தேன். அந்த ஆட்டம் அப்படியே இருந்தது. எல்லா நகர்வுகளையும் தானே ஆடிப் பார்க்கும் நிரல் ஒன்று இருக்கிறது. அதில் எண்ணைக் கொடுத்தேன். வழி இல்லை என்று வந்தது. வேறொரு நிரலில் கொடுத்தேன். அதிலும் அதேதான். அரிதாகச் சில ஆட்டங்களுக்கு வழி கிடையாது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அம்மாவிடம் சொன்னேன்.

"அவுகதான் அப்பவே சொன்னாகளே" என்றார்கள் அம்மா. "'எனக்கு வழி இல்லைன்னுதான் தெரியுது, ஆனா எம்மக இருக்குங்குது, அது இதத்தானே படிச்சிருக்கு'ன்னுட்டு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்பாக. ஏன், நீ அப்ப இதப் பாத்திருக்கக் கூடாதா?"



தினமும் வந்து அப்பச்சியின் விரல்களுக்குப் பயிற்சி கொடுத்த செவிலியர் சகோதரிக்கும், ஆஸ்பத்திரியில் அம்மாவோடு இரவும் பகலும் இருந்த பக்கத்து வீட்டாருக்கும், எல்லாக் காரியங்களையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும், வந்து எங்களோடு இருந்த உறவினர், நண்பர் அனைவருக்கும் அம்மாவும் நானும் நன்றி சொல்கிறோம். சித்தப்பா மீது யாரும் குறை நினைக்க வேண்டாம். அவர்கள் நான் எழுதியதை நம்பினார்கள்.

குழுவில் நான் போட்ட செய்தியை இப்போது அழிக்க முடியவில்லை. அழிப்பதற்கான நேரம் கடந்துவிட்டது என்கிறது வாட்ஸ்அப். அது அங்கேயே இருக்கிறது. அதற்குப் பதிலாக இந்தக் கட்டுரையை அதன் கீழே போட்டிருக்கிறேன். அப்பச்சிக்குக் கடைசி வரை நினைவு தடுமாறவில்லை.