சிலிக்கன் துண்டும் திருநீறும்

தயாளினியின் அப்பா அருளம்பலம் புத்தூரில் வெங்காயமும் மரவள்ளியும் பயிர்செய்தவர். ஊருக்கு அவர் 'திருநீற்று அருளம்பலம்'. நெற்றி, தோள், மார்பு என்று உடம்பெல்லாம் மூன்று குறி. சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் கிடந்தபோது திருநீறு கிடைக்காமல் அடுப்புச் சாம்பலை அரித்துப் பூசிய மனிதர். அவர் போய் மூன்று வருடமாகிறது. அவரை நினைக்காமல் இன்றும் நான் புத்தூரைக் கடப்பதில்லை.

அவர் இருந்த காலத்தில் நானும் தயாளினியும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஆய்வுகூடத்தில் வேலை. நெல்லியடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, போகிற வழியில் அவளை ஏற்றிக்கொள்வேன். கிணற்றடியில் குளித்த ஈரத்தோடு அப்பா வாசல் படலையடியில் நின்று மகளுக்குத் திருநீறு அள்ளிப் பூசுவார்.

"பாதி ஹெல்மெட்டுக்குள்ளை போயிடும் ஐயா" என்பேன்.

"அதுதான் பிள்ளை, ரெண்டு மடங்காப் பூசிறன்."

நேரம் போகிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது அந்தப் படலையடியில் ஒரு நாளாவது பிந்த மாட்டேனா என்றிருக்கிறது.

தயாளினியின் வேலை நகமளவு சிலிக்கன் துண்டுகளோடு. இரத்தத்தில் நோயைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு அந்தத் துண்டுதான் கண். ஆனால் இரத்தம் பட்ட உடனேயே அதிலுள்ள புரதமெல்லாம் வந்து அப்பிக் கண்ணை மறைத்துவிடும். அதைத் தடுக்க ஒரு மெல்லிய பூச்சு வேண்டும். அது தண்ணீரைத் தன்னோடு இறுக்கி வைத்துக்கொண்டு புரதத்துக்கு இடம் கொடுக்காது. பூச்சுச் சரியா என்று பார்க்க, ஒளிரும் சாயம் ஏற்றிய புரதத்தில் துண்டைத் தோய்த்துக் கழுவி நுணுக்குக்காட்டியில் வைப்போம். கறுப்பாகத் தெரிந்தால் வெற்றி. அவளுடையதில் எப்போதும் பச்சைப் புள்ளிகள்.

முக்கியமான நாளென்றால் புள்ளிகள் இன்னும் கூடும். கடைசியில் மிஞ்சியது ஒரேயொரு பெட்டித் துண்டுகள்தான். அதுவும் பழுதானால் ஆய்வை நிறுத்திவிடுவார்கள். அவளுடைய ஆய்வுப் பட்டமும் அதோடு சரி.

அதைத் திறக்குமுன் பழைய துண்டொன்றில் அவள் பூச்சுப் போட்டபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். வாய்க்கு முகமூடி, தலைக்குத் தொப்பி, கைக்கு உறை எல்லாம் இருந்தன. நெற்றியை மட்டும் யாரும் நினைக்கவில்லை. கவனம் கூடினால் நெற்றியைச் சுருக்குவது அவள் பழக்கம். சுருக்கினாள், காய்ந்த திருநீறு துகளாகத் துண்டின்மேல் விழுந்தது. துகள் குந்திய இடத்தில் பூச்சுப் பிடிக்காது, புரதம் பிடிக்கும். முக்கியமான நாளில் அப்பா இன்னும் தாராளமாகப் பூசி அனுப்புவார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

"எடி, உந்தத் திருநீற்றைக் கழுவிப்போட்டு வா!"

"அப்பா பூசினதை நான் கழுவுறதோ? ஏலாது."

"அப்ப பூச வேண்டாமெண்டு அவரிட்டைச் சொல்லு."

"எந்த வாயாலை சொல்ல?" என்று அழுதாள். எனக்கு அவள்மேல் கோபமும் பாவமுமாக வந்தது.

கடைசிப் பெட்டியை எடுக்கிற அன்று காலை, அவர் மூன்று விரலில் திருநீற்றை அள்ளிவிட்டார். அப்போதுதான் அவள் வாய் திறந்தாள்.

"அப்பா, இண்டைக்கு வேண்டாம். என்ரை நெத்தியிலை இருந்து கொட்டுண்டு வேலை பழுதாப்போகுது."

அவர் விரலிலிருந்ததைத் திரும்பக் கிண்ணத்துக்குள் தட்டினார்.

"உதை ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை? போயிட்டு வாங்கோ."

அன்று பின்னேரம் நுணுக்குக்காட்டியில் ஒரு புள்ளிகூட இல்லை. இருவரும் கட்டிப்பிடித்துக் கத்தினோம்.

புத்தூருக்கு வந்தால், படலையடியில் யாரோ குந்தியிருந்தார். கிட்டப் போனபிறகுதான் அருளம்பலத்தார் என்று தெரிந்தது. நெற்றியில் ஒன்றுமில்லை, தோளிலும் இல்லை.

"என்ன ஐயா, வெறும் நெத்தியோடை?"

"பிள்ளையை வெறும் நெத்தியோடை அனுப்பிப்போட்டு நான் மட்டும் எப்பிடிப் பூசுறது? பூசாமல் தின்னுற பழக்கமும் இல்லை. அதாலை சாப்பிடேல்லை" என்றவர் மகளைப் பார்த்தார். "வேலை சரிவந்ததோ?"

"ஓம் அப்பா."

அவள் உள்ளே ஓடிப்போய்த் திருநீற்றை எடுத்துவந்து, அப்பாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று, தன் கையாலேயே அவர் நெற்றியில் மூன்று குறி இழுத்தாள். அவள் அவருக்குப் பூசியது அதுதான் முதல் தடவை. நான் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதேன்.