பதினோரு முட்டையும் ஒரு லத்தீன் வினைச்சொல்லும்

எங்கள் கல்லூரி மாணவர்களுக்கு ‘ஃபோவேரே’ பற்றிப் பேச ஒப்புக்கொண்டது என் தலையெழுத்து. சூடாக வைத்திருப்பதற்கான லத்தீன் வினைச்சொல் அது. கோழி அடைகாப்பதும் அதுதான், ஒத்தடம் கொடுப்பதும் அதுதான், ஒருவரைப் பேணி வளர்ப்பதும் அதுதான். அதன் ஆதிவேர் எரிப்பதைக் குறித்ததாம். நம் ‘தகனம்’ அதற்குப் பங்காளி என்கிறார்கள் அறிஞர்கள்.

“பொணம் சுடறதும் முட்டய காக்கறதும் ஒண்ணா? நல்லாத்தான் இருக்குதுங்க உங்க படிப்பு” என்றாள் என் மனைவி.

பேச்சு பத்து மணிக்கு. காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க லத்தீன் அகராதியைத் தேடினேன். அடைக்கோழியின் கூடை ஆடாமலிருக்க அகராதியை அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தாள் என் மனைவி. என்ன திமிர்! வெடுக்கென்று இழுத்தேன். கூடை சாய்ந்தது. கோழி கத்திக்கொண்டே என் தோளில் ஏறி, வாசலைத் தாண்டி, முருங்கைமரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

நல்லவேளை, முட்டைகள் உடையவில்லை. பொரிக்க இன்னும் இரண்டே நாள். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து இந்த ஒரு கோழியைத் தவிர எல்லாம் செத்துப்போன பிறகு, கல்வராயன் மலைத் தாய்வீட்டிலிருந்து, ஒரு வாளிக் கேழ்வரகில் புதைத்து, பஸ்ஸில் வளைவுக்கு வளைவு மடியில் தாங்கி அவள் கொண்டுவந்த முட்டைகள்.

“இன்னாங்க பண்ணிட்டீங்க!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் போயி கோழிய எறக்கறேன். ஆறிப்போனா அத்தனையும் கூமுட்டதான். உக்காருங்க.”

“எதும்மேல?”

“தரையிலதான்! மடியில வெச்சிக்கினு போத்திக்கோங்க.”

பதினோரு முட்டைகளையும் வயிற்றோடு அணைத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டேன். இருமக்கூடப் பயமாக இருந்தது. போன் அடித்தது, மாணவர் தலைவன்.

“சார், எல்லாரும் வந்துட்டாங்க. எங்க இருக்கறீங்க?”

“அடைகாத்துக்கினு இருக்கேன்பா. இன்னொரு நாள் வெச்சிக்கலாம்.”

“சார்?” என்றான். போனை வைத்துவிட்டேன்.

வெளியே அவள் அரிசியை இறைத்து, “பா... பா... பா...” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அரைமணி நேரத்தில் என் கால் மரத்துப்போனது. அகராதி எட்டும் தூரத்தில்தான் கிடந்தது, எடுக்கத் தோன்றவில்லை. அப்போது தொப்புளுக்குப் பக்கத்தில், ஓட்டுக்குள்ளிருந்து, ‘கீச்’ என்று ஒரு சத்தம். மூச்சை அடக்கிக்கொண்டேன். மறுபடியும் ‘கீச்’.

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் உள்ளே வந்தாள். “புடிச்சிட்டேன். எழுந்திரிங்க, உங்க பேச்சுக்கு நேரமாச்சி.”

“இரு, இரு” என்றேன். “இது இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்கு.”