கூரைக்காக நான் அழ மறுத்தேன்

இன்று ஆராதனை முடிந்ததும், ஜெலாப்பாங்கில் ஒழுகிக்கொண்டிருக்கும் எங்கள் சபைக் கூரைக்கு ஆன்லைனில் நன்கொடை திரட்ட வீடியோ எடுத்தோம். கதாநாயகன்? வேறு யார், பேராக் மாநிலத்தின் பேரழகனான நான்தான்.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த நன்கொடை ஆலோசகர் என்னைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

“அங்கிள், கோட்டு டை எல்லாம் கழட்டுங்க. பழைய சட்டை போட்டுக் கொஞ்சம் அழுதீங்கன்னா, காசு கொட்டும்லா.”

“தம்பி, தோட்டத்துல அட்டை கடிச்சு மூணு வாளி ரத்தம் போனப்பவே நான் அழல.”

“அப்போ கூரை வேணாமா?”

தினமும் சாயங்காலம் மழை. போன வாரம் அந்த ஈரத்தில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொண்ட மேரி அக்கா, கட்டோடு எழுந்து நின்றார்.

“வேணும். எங்களால முடிஞ்சதை நாங்க போட்டுட்டோம். மீதியைத்தான் கேக்குறோம், பிச்சை கேக்கல. அவரு கோட்டோடயே கேக்கட்டும்!”

கேட்டேன். ஒரு கையில் குடை, முகத்தில் முப்பத்திரண்டு பல்.

வீடியோ கீழே இருக்கு. பார்த்துட்டுக் கொடுங்க. கண்ணீர் இருந்தாத்தான் கொடுப்பேன்னு அடம் பிடிக்கிறவங்க, அடுத்த ஞாயிறு நேரில் வாங்க.

எங்க பாடகர் குழு பாடும். நீங்களே அழுதுடுவீங்க.