உண்டியலுக்குப் போன ராக்கர்

எங்கள் குடியிருப்புப் பூங்காவில் புல் வெட்டும் மிஷின் போன வாரம் நின்றுவிட்டது. பெட்ரோலில் ஓடுவது. தோட்டக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துக் கடைசியில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் வயதை மறந்து கீழே இறங்கினேன். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் போயிருந்தது, அவ்வளவுதான். கடைக்குப் போன் செய்தோம். "அது தனியா வராது சார், புது மிஷினே வாங்கிடுங்க" என்றார்கள். விரலில் பெட்ரோல் வாடையோடு திரும்பி வந்தேன். சோப்புப் போட்டும் போகவில்லை. நானும் அப்படியொன்றும் அழுத்தித் தேய்க்கவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருத்தணி ஸ்டேஷனுக்கு எதிரில் எனக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. இருபத்து மூன்று வயது. மீசையே சரியாக வரவில்லை, ஆனாலும் ஊர் என்னை மேஸ்திரி என்றது. நானும் மறுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது புல்லை ஆடுகள்தான் வெட்டின. அரக்கோணத்தில் ஒரு துரை பங்களாவில் மட்டும் கையால் தள்ளுகிற புல் வெட்டி ஒன்று இருந்தது. வருஷத்துக்கு இரண்டு முறை அதன் பிளேடுகளைத் தீட்டிக் கொடுப்பேன். மற்றபடி என் பிழைப்பு கிணற்றடி இன்ஜின்கள். பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற சின்ன இன்ஜின்கள். கப்பலில் சாமான் வருவது நின்றுபோயிருந்தது. உடைந்தது எதுவோ, அதற்குப் பதில் நாமே ஒன்று செய்ய வேண்டும். பட்டணத்துப் பழைய இரும்புக் கடைகளில் நாள் முழுக்கக் குந்திப் பொறுக்கினால் சில சமயம் கிடைக்கும், பல சமயம் துருதான் கிடைக்கும்.

கே.ஜி.கண்டிகையிலிருந்து முனிரத்தினம் வந்தது அப்படியொரு சமயத்தில். உழவு மாட்டை விற்று இன்ஜின் வாங்கியவர். மாடு கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த ஊரில் அவருடைய இன்ஜின்தான் பேச்சு. அதில் ராக்கர் உடைந்துவிட்டது. வால்வை அமுக்கித் திறக்கிற சின்ன இரும்புக் கை அது. அந்த ஜாதி இன்ஜினில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டு காணி நெல், கதிர் வெளியே வரும் முன் பொதி கட்டி நின்றது. அப்போது தண்ணீர் தப்பினால் அத்தனையும் பதர்தான். மாடும் இல்லை, இன்ஜினும் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் தன் மாட்டைக் காலையில் ஒரு வேளை கொடுத்தார், அது பாதி வயலுக்குக்கூடப் போதவில்லை.

யோசனை ஒன்று சொன்னேன். உடைந்த இரண்டு துண்டையும் அரக்கு வைத்து ஒட்டிப் பித்தளை வார்க்கும் கன்னாரிடம் கொடுத்தால், விளக்கு வார்ப்பதுபோல் மண்ணில் அச்செடுத்து வார்த்துவிடுவார். வேலை கண்டிப்பாக ஆகும். துண்டுகளை முனிரத்தினம் கையிலேயே கொடுத்து, "நாளைக்கு நேரா கன்னார் வீட்டுக்கு எடுத்துகினு வந்துடு" என்றேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். கழற்றிய உறுப்பை உடையவர் கையில் கொடுத்துவிட வேண்டும். கொட்டகையில் வைத்துக்கொண்டால், நல்லதைத் திருடிக்கொண்டான் என்று பேச்சு வரும். ஒரு காகிதத்தில் அதை வைத்துச் சுற்றிக் கோடு இழுத்திருக்கலாம். செய்யவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.

மறுநாள் கிருத்திகை. முனிரத்தினம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு கன்னார் வீட்டுக்கு வந்தார். பின்னால் அவர் மனைவி கன்னியம்மா. இருவர் கையிலும் ஒன்றுமில்லை.

"ராக்கர் எங்க?" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார்.

"உண்டியில போட்டுட்டோம் மேஸ்திரி" என்றாள் கன்னியம்மா, ஒரு பெரிய வேலையை முடித்த நிம்மதியோடு.

"இன்னாத்த போட்டீங்க?"

"அதான், ஒடஞ்ச துண்டு ரெண்டும். கண்ணு நோவுன்னா வெள்ளியில கண்ணு வாங்கிப் போடறோம். காலு நோவுன்னா காலு போடறோம். இன்ஜினுக்கு எங்க நோவோ அத்த தானே போடணும்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவளைக் கன்னாபின்னாவென்று ஏசிவிட்டு மலைக்கு ஓடினேன். கோயில் குமாஸ்தா மூக்குப்பொடியை உதறிக்கொண்டு, "உள்ள வுழுந்தா சாமி சொத்து. தொறக்கற அன்னிக்கு வந்து பாரு" என்றார். எப்போது திறப்பீர்கள் என்றேன். "தொறக்கும்போது" என்றார். படியிறங்கும்போது யோசித்தேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? மாதிரிக்கு அதுதான் வேண்டும் என்று நான் அவளிடம் சொன்னேனா? அவளைப் பார்த்துக்கூடப் பேசவில்லை.

பிறகு மரத்தில் செதுக்க உட்கார்ந்தேன். ஞாபகத்தை வைத்து ஒன்று செய்வது, கண்டிகைக்கு சைக்கிளில் போய் இன்ஜினில் பொருத்திப் பார்ப்பது, ஒரு நூல் அளவு இடிக்கும், திரும்பி வந்து இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் வயலைப் பார்க்காமல் போக முயல்வேன். வரப்பு வழியாகத்தான் கிணற்றுக்குப் போக வேண்டும், எப்படிப் பார்க்காமல் இருப்பது? மேட்டுப் பக்கம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது. கன்னியம்மா மோர் கொண்டுவந்து வைப்பாள். நான் ஏசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எட்டாம் நாள் மரக் கை சரியாக உட்கார்ந்தது.

அதை எடுத்துக்கொண்டு கன்னாரிடம் போனால், அவர் வெறும் உலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். "உலோகம் எங்க கீது? யுத்தம் வந்ததுலேர்ந்து பழைய சொம்புகூட கண்ணுல படல" என்றார்.

சேதி கேட்டு அன்று மத்தியானமே கன்னியம்மா இடுப்பில் ஒரு பித்தளைக் குடத்தோடு கண்டிகையிலிருந்து நடந்து வந்தாள். தாய் வீட்டுச் சீர். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவள் பெயர் வெட்டியிருந்தது. கன்னார் அதைத் தடவிப் பார்த்து, "பேரு போட்டுக்கீதேம்மா" என்றார்.

"அதுவும் சேந்து உருகட்டும். நீ ஊத்து" என்றாள். ராக்கருக்குப் போக மிஞ்சிய பித்தளை கன்னாருக்குக் கூலி என்று பேச்சு.

கொஞ்சம் பருமனாக வார்த்து, அரம் போட்டு, இன்ஜினில் மாட்டிச் சக்கரத்தைச் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் பிடித்துக்கொண்டது. தண்ணீர் வாய்க்காலில் ஓடிப் போனதை மூவரும் பார்த்தோம். மேட்டுக் காணி அதற்குள் கருகியிருந்தது. பள்ளக் காணி பிழைத்தது. "பாத்தியா, முருகன் செஞ்சிக் குட்த்துட்டான்" என்றாள் கன்னியம்மா. எட்டு நாள் உளி பிடித்துக் கொப்புளம் கண்ட என் கையை நான் பின்னால் மறைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கருகிய காணி என் கணக்கில் அல்லவா வரும்?

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துக்காரர்கள் கழித்த சாமான்கள் பட்டணத்துக் கடைகளில் மலைபோல் குவிந்தன. அந்தக் குவியலில் ஒருநாள் அதே இன்ஜினின் அசல் ராக்கர் அகப்பட்டது. சந்தோஷத்தோடு கண்டிகைக்கு எடுத்துப் போனேன். கன்னியம்மா மண் குடத்தோடு கிணற்றடியில் நின்றிருந்தாள். "ஓடறத எதுக்கு மேஸ்திரி கயட்டற?" என்றாள். நான் கழற்றவில்லை.

பிறகு நான் பிழைப்புக்கு வேறு ஊர் போய்விட்டேன். பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் திருத்தணி வந்தவன், கண்டிகை வரை போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் கரண்டு மோட்டார். முனிரத்தினம் எப்போதோ போய்விட்டார், கன்னியம்மா போய் ஒரு வருஷம் என்றான் அவர்கள் மகன். இன்ஜின் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? போன மாசம் பழைய இரும்புக்காரன் வந்தான். அப்படியே எட போட்டுத் தூக்கிக் குட்த்துட்டேன்" என்றான்.

"கயட்டிப் பாக்கலியா?"

"கயட்டறதுக்கு இன்னா கீது மேஸ்திரி? எல்லாம் கிரீஸு, கரி." டீயை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் மாட்டியிருந்த முனிரத்தினத்தின் படத்தைக் காட்டினான். "நைனாவுக்காவது படம் கீது. அம்மாவுது ஞாபகத்துக்கு வெச்சிக்கலாம்னா ஒரு சாமான் இல்ல. எங்க தேடியும் கெடைக்கல."

நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன். அந்த இன்ஜினுக்குள் என்ன இருந்தது என்று அவனிடம் சொல்லவில்லை.