வேடசந்தூரிலிருந்து வேடசந்தூருக்கு, ஜெனீவா வழியாக

திண்டுக்கல் பழனி ரோட்டில் ‘இழைக்கரம்’ என்று ஒரு தொண்டு நிறுவனம். நூற்பாலைப் பெண்களின் உரிமைக் குரல் என்று வாசல் பலகை சொல்லும். அந்தக் குரலை நாடு நாடாகக் கொண்டுபோனவர் இயக்குநர் உடையப்பன். அந்தப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொன்னதை நோட்டில் எழுதி வந்தவள் செபாஸ்தியம்மாள். விருதுகள் அவர் அறைக் கண்ணாடி அலமாரியில் இருந்தன, நோட்டுகள் இவள் தகர பீரோவில் இருந்தன.

செபாஸ்தியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது, சொந்த ஊர் மேட்டுப்பட்டி. பதினேழு வயதில் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லுக்குப் போனவள், பன்னிரண்டு வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றுவிட்டு இருமலோடு வெளியே வந்தாள். மில்லில் யாருக்கும் பெயர் கிடையாது, டோக்கன் நம்பர்தான். வருகைப் பதிவில் நம்பர், கேண்டீனில் நம்பர், சூப்பர்வைசர் திட்டுவதும் நம்பரைச் சொல்லித்தான். அவள் எண்பத்தெட்டு. தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்த பழைய மில் தோழி ஒருத்தி, உறையின் மேல் ‘எண்பத்தெட்டு, மேட்டுப்பட்டி’ என்று எழுதிக் கொண்டுவந்தாள். செபாஸ்தியம்மாளுக்கு அதில் வித்தியாசமாக ஒன்றும் படவில்லை.

இழைக்கரத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். நாலு மணிக்கு ஷிப்ட் விட்டதும் மில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போவாள். பேச மனசிருக்கிற பெண் பஸ்ஸை விட்டுவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் வருவாள். கௌசல்யாவும் அப்படித்தான் வந்தாள். இருபத்தாறு வயது, புருஷன் விட்டுப் போய்விட்டான். கையில் ஒரு மகள், வீட்டில் நடக்க முடியாத தகப்பன். மூன்று பேரும் சாப்பிட்டது அவள் மில் வேலையில்தான்.

“கக்கூசுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லக்கா. போனா மூணு நிமிஷம். வெளிய அந்த சூப்பர்வைசரு கடியாரத்தப் பாத்துக்கிட்டே நிப்பான். மூணு நிமிஷம் ஆச்சுன்னா கதவத் தட்டுறான். தட்டுனா அது தொறந்துக்கிருது.”

சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். செபாஸ்தியம்மாளுக்கு உடம்பு எரிந்தது. அதே மில்லில் அவள் இருந்த காலத்திலும் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை.

“எம் பேரு வெளிய வராதுல்லக்கா? வந்தா அன்னைக்கே வெளிய அனுப்பிருவான்.”

“வராது. எம்மேல சத்தியம்.”

எழுதிக்கொண்டாள். அந்த ஷிப்டில் மூன்று கௌசல்யாக்கள். எந்தக் கௌசல்யா என்று நாளைக்குக் குழம்பக்கூடாது என்று, பத்தொன்பது வருஷப் பழக்கத்தில், பெயருக்குப் பக்கத்தில் 417 என்று போட்டாள்.

மறுநாள் உடையப்பனிடம் போய், பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நேரே மேனேஜரைப் பார்த்துவிடலாம் என்றாள். மில் கேட் வரைக்கும் இவளே முன்னால் நடக்கத் தயார். உடையப்பன் சிரித்தார். விவரம் தெரியாத ஜனங்களுக்கென்று அவர் தனியாக ஒரு சிரிப்பு வைத்திருந்தார்.

“லோக்கல்ல பேசி என்னம்மா ஆகப்போகுது? மேல இருந்து பிரஷர் வரணும். செப்டம்பர்ல ஜெனீவா இருக்கு. இந்தத் தடவ நீங்களும் வாங்க. களத்துல இருந்து ஒரு முகம் வேணும்.”

முகம் மட்டும்தான் வேண்டியிருந்தது என்பது அவளுக்குப் போன பிறகு புரிந்தது. மகள் எடுத்துக் கொடுத்த பட்டுச் சேலையை அவள் பெட்டியில் வைத்திருந்தாள். அதெல்லாம் வேண்டாம், சாயம் போன கைத்தறியாகப் பார்த்துக் கட்டுங்கள், அங்கே அதுதான் எடுபடும் என்று சொல்லிவிட்டார்கள். நல்லதாக ஒரு சேலை கட்டினால் ஏழையின் மேல் உலகத்துக்கு நம்பிக்கை போய்விடும் போலிருக்கிறது.

ஜெனீவாவில், ஐ.நா.வின் மனித உரிமைக் கூட்டத்தில் நடப்பது இதுதான். எங்கள் நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒவ்வோர் அரசாங்கமும் ஓர் அறிக்கை கொடுக்கும். இல்லை, சரியாக இல்லை என்று தொண்டு நிறுவனங்கள் இன்னோர் அறிக்கை கொடுக்கும். இரண்டும் ஒரே மாதிரிக் காகிதத்தில், ஒரே மாதிரி இங்கிலீஷில் இருக்கும். பிறகு பெரிய மண்டபத்தில் ஆளுக்கு இரண்டு நிமிஷம். உடையப்பன் முன் நாற்காலியில் உட்கார்ந்தார். போட்டோவில் விழுகிற மாதிரி செபாஸ்தியம்மாளைப் பின் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வணக்கம் சொல்லி, தலைவருக்கு நன்றி சொல்லி, நிறுவனத்தின் பெருமையைச் சொல்லி அவர் மில்லுக்கு வந்தபோது மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. தாழ்ப்பாளைத் தொடுவதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். மண்டபத்தில் பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றப் பாதியைக் காணவே இல்லை.

மத்தியானம் ஒரு சின்ன அறையில் இழைக்கரத்தின் தனிக் கூட்டம். அங்கே கூட்டம் கொஞ்சம் அதிகம், ஏனென்றால் சாண்ட்விச் கொடுத்தார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்ற ஒரு விஷயத்தை அங்கே ‘சுகாதார வசதிகளை அணுகுவதில் பாலின இடைவெளி’ என்று சொன்னார்கள். மொழிபெயர்த்துச் சொன்ன பெண்ணிடம் செபாஸ்தியம்மாள் இரண்டு தடவை கேட்டும், அது தான் எழுதிய தாழ்ப்பாள்தான் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் அரசாங்கக் குழுவில் வந்திருந்த ஓர் அதிகாரி உடையப்பனிடம் வந்தார். மரியாதையான ஆள். பொதுவாகச் சொன்னால் நாங்கள் என்ன செய்வது, குறிப்பான விவரம் கொடுங்கள், கட்டாயம் விசாரிக்கச் சொல்கிறேன் என்றார். ஓர் அதிகாரி தானாக வந்து கைகொடுத்ததில் உடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கௌசல்யா சொன்னதை நோட்டிலிருந்து எடுத்தெழுதி, அறிக்கையோடு சேர்க்கப் பையில் வைத்திருந்த இணைப்புக் காகிதம் முழுவதையும் எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். செபாஸ்தியம்மாள் சாண்ட்விச் தட்டோடு பக்கத்தில்தான் நின்றாள். காகிதம் இங்கிலீஷில் இருந்தது, அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அதிகாரியைக் குறை சொல்ல முடியாது. வாங்கியதை அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பினார். அது தலைநகருக்கு வந்து, மாநிலத்துக்கு இறங்கி, மாவட்டத்துக்கு இறங்கி, உரிய விளக்கம் அளிக்கவும் என்ற குறிப்போடு, நாற்பத்தோராவது நாள் அதே மில்லின் மேனேஜர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. இழைக்கரம் பெயரை மாற்றியிருந்தது. அதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ‘அடையாளத்தைக் காக்கும் பொருட்டுப் பெயர் மாற்றப்பட்டுள்ளது’ என்று சாய்வெழுத்தில் அடிக்குறிப்பே போட்டிருந்தார்கள். கௌசல்யா அந்தக் காகிதத்தில் ‘ரோஜா’. ரோஜா, 417.

மேனேஜருக்கு கௌசல்யா என்று யாரையும் தெரியாது. ரோஜா என்றும் யாரையும் தெரியாது. 417-ஐத் தெரியும்.

அன்று மத்தியானமே அவளை வெளியே அனுப்பினார்கள். மறுநாள் அதிகாரிகள் பார்வையிட வந்தபோது, பெண்கள் கழிப்பறைக் கதவில் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள் இருந்தது.

செய்தி கேட்டு செபாஸ்தியம்மாள் அலுவலகத்துக்கு ஓடினாள். படி ஏறியதில் இருமல் வந்து, பேச்சு வரவே கொஞ்ச நேரமாயிற்று.

“டோக்கன் நம்பர எப்டி சார் போட்டீங்க?”

“எந்த நம்பர்?” உடையப்பன் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார். “இதுவா? இது உங்க நோட்டோட வரிசை நம்பர்னுல்ல நெனச்சேன். நம்பர் இருந்தா ஆதாரம் மாதிரி இருக்கும்னு வச்சோம்.”

பத்தொன்பது வருஷம் மில் பெண்களுக்காக உலகம் சுற்றிய மனுஷனுக்கு, மில்லில் அவர்களை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று தெரிந்திருக்கவில்லை. செபாஸ்தியம்மாள் அவரை அதுவரை பெரிய மனுஷராகத்தான் நினைத்திருந்தாள். அந்த நிமிஷம் அது விட்டுப்போனது.

அவரோ அதற்குள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒரு களை வந்திருந்தது.

“செபாஸ்தி, இது பழிவாங்கல். ஐ.நா.வுக்குத் தகவல் குடுத்ததுக்காகப் பழிவாங்கல். இதுக்குன்னே அங்க தனி நடைமுறை இருக்கு. இத விட ஸ்ட்ராங்கா ஒரு கேஸ் கெடைக்காது. அந்தப் பொண்ணுக்கு பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லுங்க. மார்ச்சுல கூட்டிட்டுப் போயிருவோம். அப்புறம், அந்தத் தாழ்ப்பாள ஒரு போட்டோ எடுத்துருங்க. வருஷ அறிக்கைல போடணும், நம்ம வெற்றி அது.”

செபாஸ்தியம்மாள் தகர பீரோவைத் திறந்தாள். அறுபது நோட்டுகளுக்கு மேல் இருந்தன, எல்லாவற்றிலும் பெயருக்குப் பக்கத்தில் நம்பர் இருந்தது. இரண்டு சாக்கில் போட்டு ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அது நிறுவனத்தின் சொத்து என்று உடையப்பன் படியில் நின்று சத்தம் போட்டார்.

மறுநாள் காலை கௌசல்யாவின் ஊருக்குப் போனாள். வேடசந்தூரிலிருந்து உள்ளே, மில்லுக்கு நாலு கிலோமீட்டர். கௌசல்யா வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வாங்கக்கா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. செபாஸ்தியம்மாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

“நம்பர எழுதுனது நாந்தான் கௌசல்யா. அவங்களுக்குத் தெரியல, சரி. பன்னெண்டு வருஷம் டோக்கன் மாட்டுன எனக்குத் தெரிஞ்சிருக்கணும். சத்தியம் பண்ணிட்டு எழுதுனேன்.”

கௌசல்யா துணியைப் பிழிந்தாள். “தாழ்ப்பாள் போட்டாச்சாம்ல?”

“போட்டாச்சு.”

“நல்லாருக்கட்டும்.” அந்தச் சொல்லைக் காறித் துப்புவது போலச் சொன்னாள்.

ஒளிக்கக்கூடாது என்று செபாஸ்தியம்மாள் பாஸ்போர்ட் விஷயத்தையும் சொன்னாள். உன்னை ஜெனீவாவுக்குக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள், போவதும் போகாததும் உன் இஷ்டம் என்றாள்.

“அங்க போயி நான் என்ன பண்ணணும்?”

“நடந்ததச் சொல்லணும்.”

“எம்புட்டு நேரம் குடுப்பாக?”

“ரெண்டு நிமிஷம்.”

கௌசல்யா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அவளை நேராகப் பார்த்தாள்.

“மில்லுல கக்கூசுக்கே மூணு நிமிஷம் குடுத்தான்க்கா.”

செபாஸ்தியம்மாள் பையிலிருந்த, 417 என்று எழுதிய அந்த நோட்டைத் திண்டில் வைத்தாள்.

“சேலைய மாத்திக்கிட்டு வா. மேனேஜர்கிட்டப் போவோம். எழுதுனவ நான், என்னையக் கேளு, அவ வேலைய அவகிட்டக் குடுன்னு சொல்லுறேன். குடுக்கலேன்னா நாலு மணிக்கு ஷிப்ட் விடுற வரைக்கும் கேட்டுல உக்காருவோம். பஸ்ஸுக்கு வர்ற பிள்ளைக பாக்கட்டும்.”

கௌசல்யா பிழிந்த துணியைக் கொடியில் போட்டாள். பிறகு உள்ளே போய் வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மில் பஸ் போகிற ரோட்டில் இருவரும் நடந்தார்கள்.